நாலும் ஐந்தும் கலந்த பை

மே 13, செவ்வாய்

காலையிலேயே கொளுத்தும் வெயில். குடிபாலா பக்கம், புதைந்த பழைய ஊரைத் தோண்டும் இடத்தில் இது மூன்றாவது வாரம். எனக்குப் பானை ஓடு கழுவும் வேலை. அலசி, பிரஷ்ஷால் தேய்த்து, தரையில் கோடு போட்ட கட்டங்களில் காயவைக்க வேண்டும். ஒரு மண் அடுக்குக்கு ஒரு கட்டம். ஒரு துண்டுகூட மாறக் கூடாது.

5-ம் அடுக்கு: ரோம் நாட்டிலிருந்து கப்பலில் வந்த ஜாடி, உடைசல்.
4-ம் அடுக்கு: அதற்கு மேலே, வெகுகாலம் கழித்து வந்த சின்ன கிராமம். மண் தரை, அடுப்பு, கரிச்சட்டி.

மூன்று மணிக்குத் திடீர் மழை. எல்லோரும் குழிக்குத் தார்ப்பாய் போட ஓடினார்கள். நான் மட்டும் ஓடுகளை வாரினேன். அவசரத்தில் இரண்டும் ஒரே கூடையில். அப்புறம் கறுப்பெல்லாம் 4, மற்றது 5 என்று குத்துமதிப்பாகப் பிரித்துப் பையில் போட்டேன். யாரும் பார்க்கவில்லை.

மே 14, புதன்

தோண்டும் வேலைக்குப் பொறுப்பான மேடம், 4-ம் பையில் ஜாடித்துண்டு ஒன்றைப் பார்த்துவிட்டார். கரி படிந்தது. திருப்பதியிலுள்ள ஆபீசுக்குப் போன் போட்டுத் தெலுங்கில் ஒரே சந்தோஷம். கிராமமான பிறகும் இந்த ஜனங்கள் அந்த ஜாடியை வைத்திருந்தார்கள், அறிக்கையில் எழுதப்போகிறேன் என்றார்.

கூடக் கழுவும் ஸ்டெல்லா அக்கா, "இன்னாடி, பேயறைஞ்ச மாரி கீற? வந்து சோறு துன்னு" என்றாள். நான் ஓடு தேய்த்துக்கொண்டே இருந்தேன்.

சொன்னால் வேலை போகும். எட்டாவதோடு நின்றவளை நிழலில் உட்காரவைத்து வேறு யார் வேலை கொடுப்பார்கள்?

மே 15, வியாழன்

புழுக்கம். ஜெபத்தில் மனம் நிற்கவில்லை. அந்த ஜனங்கள் செத்துப்போனவர்கள். நாங்கள் அப்படி இல்லை என்று வந்து சொல்ல மாட்டார்கள்.

இரண்டு தடவை மேடம் மேஜை வரைக்கும் போனேன். தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பினேன்.

மே 16, வெள்ளி

சொல்லிவிட்டேன். தரையைப் பார்த்துக்கொண்டே.

மேடம் திட்டவில்லை. எது எந்த அடுக்கு என்று இப்போது பிரிக்க முடியுமா என்று கேட்டார். முடியாது என்றேன். நோட்டில் ஒரு பக்கம் முழுக்கக் குறுக்கே கோடு இழுத்தார். இரண்டு பைகளையும் ஒன்றாகக் கொட்டிச் சீட்டை என்னிடம் நீட்டினார்.

"கலந்ததுன்னு எழுது. தேதி போடு."

"என் பேரு, மேடம்?"

"பேரு எதுக்கு? கலந்துச்சுன்னு தெரிஞ்சா போதும்."

எழுதினேன். எழுத்து கோணல்.

கொஞ்ச நேரத்தில் ஆறாம் அடுக்குப் பை வந்தது. பிரஷ்ஷை நனைத்து வைத்திருந்தேன். மேடம் பையை ஸ்டெல்லா அக்கா முன்னால் வைத்துவிட்டுப் போனார்.