புதன்கிழமையில் நின்ற கணினி

மார்ச் 3, திங்கள்

காலையிலிருந்து அதே போன்கள். பெண்கள் வார்டில் திரை உறைந்துபோகிறதாம். மருந்தகத்தில் ஒரு பெயர் வந்து விழுவதற்குள் டீ ஆறிவிடுகிறதாம். மென்பொருள் நிறுவனத்துக்காரர், அப்டேட் போட்டால் சரியாகிவிடும் என்கிறார். அவருக்கென்ன, சொல்லிவிட்டு போனை வைத்துவிட்டார். இந்த மருத்துவமனையில் கணினிப் பிரிவு என்பது நான் ஒருத்தி, மாடிப்படிக்குக் கீழே ஓர் அறை, ஒரு சர்வர். அவ்வளவுதான். சிஸ்டர்கள் எனக்கே "சர்வர்" என்று பேர் வைத்துவிட்டார்கள். வார்டுக்குள் நுழைந்தால், "சர்வர், ரெண்டு காபி!" என்று யாராவது ஆரம்பிப்பார்கள். சிரித்துவைப்பேன்.

புதன்கிழமை போடுகிறேன் என்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன்?

மார்ச் 4

ராத்திரி முழுக்க அப்டேட் குறிப்புகளையே படித்துக்கொண்டிருந்தேன். "பரீட்சைக்குப் போற பிள்ளை மாதிரி இருக்க" என்கிறார் வீட்டுக்காரர்.

மார்ச் 5, புதன்

போட்டாயிற்று. தொடங்குவதற்கு முன்னால் சர்வர் தானாகவே ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்துக்கொண்டது. அந்த நேரத்தில் டிஸ்க்கில் இருப்பதெல்லாம் அப்படியே ஒரு படமாக நிற்கும். பிறகு எது கெட்டுப்போனாலும் அந்தப் படத்திலிருந்தே கணினியைக் கிளப்பிவிடலாம். பார்க்கலாம், படிக்கலாம், ஒரு எழுத்தைக்கூட மாற்ற முடியாது. மாற்ற முடியாததால்தான் பத்திரம்.

சர்வரை ஒருமுறை அணைத்துப் போட்டால்தான் அப்டேட் முழுதாக ஏறும். தலைமை செவிலியரைக் கேட்டேன். எங்கள் எல்லோருக்கும் அவர் பெரிய சிஸ்டர். "இப்பவா? டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்குப் போறதுக்கு அத்தனை பேர் நிக்கறாங்க. வெள்ளிக்கிழமை பாத்துக்கலாம், போம்மா."

மார்ச் 6

சர்வர் ஓடுகிறது. எனக்குத்தான் ஒன்றும் ஓடவில்லை. அதன் விசிறிச் சத்தத்தையே கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மார்ச் 7, வெள்ளி

நடந்ததை வரிசையாக எழுதிவைக்கிறேன்.

காலையில் அணைத்துப் போட்டேன். வரவில்லை. கறுப்புத் திரையில் ஒரே ஒரு வரி, அதன் கீழே கண்சிமிட்டும் ஒரு கோடு. மறுபடி போட்டேன். அதே வரி. அதற்குள் போன் அடிக்க ஆரம்பித்துவிட்டது. வேறு வழி தெரியாமல் புதன்கிழமை ஸ்னாப்ஷாட்டிலிருந்து கிளப்பினேன். வந்துவிட்டது! வார்டிலிருந்து "வந்துருச்சு, வந்துருச்சு" என்று குரல் கேட்டது. நிர்வாகியே அறை வாசலுக்கு வந்து, "பரவாயில்லையே, நான் பயந்தே போயிட்டேன்" என்றார்.

புதிதாக எதுவும் பதியாது, காகிதத்தில் எழுதிக்கொள்ளுங்கள் என்று எல்லா இடத்துக்கும் சொன்னேன். சொல்லிவிட்டு உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. எழுத முடியாதது ஒரு பிரச்சினையே இல்லை. திரையில் தெரிவது புதன்கிழமை! இங்கே மென்பொருளும் நோயாளிகளின் விவரமும் ஒரே டிஸ்க்கில், ஒன்றாகக் கிடக்கின்றன. ஒன்று பின்னால் போனால் இன்னொன்றும் கூடவே போகும். நேற்று முழுக்க பதிந்ததெல்லாம்? திரையில் இல்லை. இல்லை என்பதும் திரையைப் பார்த்தால் தெரியாது.

'இது புதன்கிழமை நிலவரம்' என்று பெரிதாக எழுதி ஒவ்வொரு திரையிலும் ஒட்டினேன். மருந்தகத்துக்குப் போய்விட்டு மாடி வார்டுக்குத் திரும்பினால் ஒன்றையும் காணோம். நிர்வாகி கிழித்திருந்தார்.

"நோயாளிங்க வீட்டு ஆளுங்க பாத்துட்டு என்ன ஏதுன்னு கேக்கறாங்க. எதுக்கு வீண் பீதி? கம்ப்யூட்டர் ஓடுதில்ல?"

"ஓடுது சார். ஆனா அது காட்டறது பழசு."

"ரெண்டு நாள்ல அப்படி என்ன மாறிடப்போகுது?"

ரெண்டு நாளிலா! இது மருத்துவமனை இல்லையா? "அப்ப நிறுத்திடறேன் சார்" என்றேன். நான்தான் சொன்னேனா?

"என்னது?"

"ஒண்ணுமே தெரியலைன்னா யாரையாவது கேப்பாங்க. தப்பா தெரிஞ்சா நம்பிடுவாங்க."

"நிறுத்தினா திங்கக்கிழமை நீங்க இங்க இருக்கமாட்டீங்க." குரலை உயர்த்தாமல்தான் சொன்னார்.

படியிறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன். வீட்டில் என்ன சொல்வது, வேறு எங்கே வேலை தேடுவது, எல்லாம் அந்தப் படிகளிலேயே வந்து போயிற்று. நிறுத்திவிட்டேன். எல்லா வார்டிலும் திரை இருண்டது. மருந்தகத்து வரிசை வாசல்வரைக்கும் நீண்டது. போகிறவர் வருகிறவர் எல்லோரும் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்கள். "சர்வர் போயிடுச்சு" என்று யாரோ சொன்னார்கள். எந்த சர்வரைச் சொன்னார்களோ.

சாயங்காலம் பெரிய சிஸ்டர் என் அறைக்கு வந்தார். இதுவரை வந்ததே இல்லை. கதவைச் சாத்தினார்.

"பன்னெண்டாம் பெட்டு அம்மாவுக்கு நேத்து ஒரு ஊசி சேராம உடம்பெல்லாம் தடிச்சு, மூச்சு முட்டிப்போச்சு. இந்த மருந்து ஒத்துக்காதுன்னு நானே டைப் பண்ணேன். இன்னிக்கு வந்த டாக்டர் புதுசு. காலைல திரைய பாத்திருக்காரு. அதுல ஒண்ணும் இல்ல. வேற ஊசி எழுதிட்டாரு. பேருதான் வேற. அதே குடும்பத்து மருந்து."

எழுந்து நின்றுவிட்டேன். "போட்டுட்டாங்களா?"

"லீவு முடிஞ்சு வந்த நர்ஸ் பொண்ணு. ஊசிய கையில வெச்சுக்கிட்டு இன்னொரு தடவ திரைய பாக்கப் போயிருக்கா. இருட்டா இருக்கு. சரின்னு அந்தம்மாவையே கேட்டிருக்கா, எதாவது மருந்து சேராதாம்மான்னு. 'நேத்துதான் ஒரு ஊசில செத்துப் பொழச்சேன்'னு சொல்லியிருக்கு."

என் தண்ணீர் பாட்டிலை எடுத்துக் குடித்தார். "நிர்வாகிகிட்ட சொல்லிட்டேன். டாக்டர்கிட்டயும் சொல்லியாச்சு. நீ சாப்டியா?"

அதைக் கேட்டதும்தான் அழுதேன்.

மார்ச் 8, சனி

நிர்வாகி போன் செய்தார். திங்கள்கிழமை பற்றிப் பேச்சே இல்லை. "புதன்கிழமை நிலைக்கே நிரந்தரமா மாத்திடுங்க. வேலை முடிஞ்சுது" என்றார். மாற்றினால் அதற்குப் பிறகு பதிந்தது எல்லாம் போய்விடும். ஊசி பற்றிய அந்த வரியும்.

"வேணாம் சார். எழுதினது எல்லாம் உள்ளதான் இருக்கு. எடுத்துடலாம்."

இருக்கிறதா? வாய் சொல்லிவிட்டது. போய்ப் பார்த்தால்தானே தெரியும். பார்க்கத்தான் பயம்.

மார்ச் 9, ஞாயிறு

இருந்தது! கெட்டுப்போனது கணினியைக் கிளப்பும் பகுதி மட்டும். விவரங்களுக்குச் சேதமில்லை. ஸ்னாப்ஷாட்டிலிருந்து கிளப்பி, அங்கிருந்து பழுதான பக்கத்தைத் திறந்து, புதனுக்குப் பிறகு வந்ததையெல்லாம் வெளியே எடுத்தேன். ஸ்னாப்ஷாட்டுக்கு எழுதக்கூடிய ஒரு நகல் போட்டு, அதில் எல்லாவற்றையும் சேர்த்தேன். பெரிய சிஸ்டர் விடுமுறை நாளில் வந்து பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு படுக்கையாகச் சரிபார்த்தார். பன்னிரண்டு வந்தபோது அந்த ஊசி வரியைச் சத்தமாகப் படித்தார். அடுத்ததற்குப் போனோம்.

மார்ச் 10

வேலைக்குப் போனேன். யாரும் எதுவும் கேட்கவில்லை.

மார்ச் 12, புதன்

மதியம் ஒருவர் என் அறையைத் தேடிக்கொண்டு வந்தார். "கம்ப்யூட்டர பாத்துக்கறது நீங்கதானா?" பின்னால் ஓர் அம்மா, கையில் துணிப்பையோடு.

"வெள்ளிக்கிழமை உங்க கம்ப்யூட்டர் படுத்துக்கிச்சாமே? என் வீட்டுக்காரிக்கு போட வேண்டிய ஊசிய சாயங்காலம் வரைக்கும் போடல. ஒரு மிஷின ஒழுங்கா வெச்சுக்கத் தெரியாதா? ஏதாவது ஆகியிருந்தா யாரு பதில் சொல்றது?"

"எந்தப் பெட்டு சார்?"

"பன்னெண்டு."

உண்மை நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் அதை விளக்க வேண்டியவர் டாக்டர். இவர்களிடம் இன்னும் பேசவில்லை போலிருக்கிறது. நான் அறை வாசலில் நின்று சொல்லும் விஷயமில்லை. "மன்னிச்சுக்கோங்க சார்" என்றேன். "போறதுக்கு முன்னாடி பெரிய சிஸ்டர ஒரு தடவ பாத்துடுங்க. டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போவாங்க."

"விடுங்க, அவங்க என்ன பண்ணுவாங்க, பாவம்" என்று அந்த அம்மா அவர் சட்டையைப் பிடித்து இழுத்தார். கணவர் பையை வாங்கப் போனார். அம்மா கொடுக்கவில்லை. தானே தூக்கிக்கொண்டு, அவரைத் திட்டிக்கொண்டே, கைப்பிடியைத் தொடாமல் மாடிப்படி ஏறிப் போனார்.