மோட்டாரில் ஒழுகிய தண்ணீர்

பினாங்கு
14-10-1935

சிரஞ்சீவி கோமதிக்கு அப்பா அநேக ஆசீர்வாதத்துடன் எழுதுவது. இங்கே நான் நல்லபடியாக இருக்கிறேன், இருமல்கூட இறங்கிவிட்டது. சுமத்ராவில், மேடானில் நீயும் மாப்பிள்ளையும் நான் இன்னும் முகம் பார்க்காத என் பேரனும் சுகமாயிருக்க முருகனை வேண்டிக்கொள்கிறேன். அம்மாவின் வருஷத் திதிக்குக் குழந்தையோடு வருவதாக நீ எழுதிய கடிதத்தை நாலு தரம் படித்தேன். கப்பல் கரையை விட்டுத் தள்ளி நிற்கும், கைக்குழந்தையோடு ஆடுகிற சம்பான் படகில் இறங்கப் பயம் என்று எழுதியிருந்தாய். நம் போட்டிலேயே வந்து உன்னை இறக்கிக்கொள்கிறேன். தலைப்பிரசவத்துக்கு உன்னை அப்படித்தான் கூட்டி வர வேண்டும் என்று அம்மா சொல்லிக்கொண்டே இருந்தாள், அதற்குள் போய்விட்டாள். இதையாவது செய்யாவிட்டால் என் மனசு ஆறாது.

ஆனால் போட்டின் பின்னால் மாட்டுகிற அந்த மோட்டார் என்னைப் படுத்திய பாடு கொஞ்சமில்லை. போன வருஷம் சரஸ்வதி பூஜைக்கு முன்னால் பழுது பார்க்கக் கழற்றினேன், பூஜையன்று பாகங்களையெல்லாம் பலகையில் பரப்பி வைத்தோம், மாதம் திரும்புவதற்குள் அம்மா போனாள், அவற்றைச் சாக்கில் கட்டிப் போட்டவன் அப்புறம் தொடவே இல்லை. உன் கடிதம் வந்த பிறகுதான் எடுத்து மண்ணெண்ணெயில் கழுவிப் பூட்டினேன். துறைமுகத்தில் என்னோடு வேலை செய்கிற நூர் முகம்மதுதான் தண்ணீர் கசியாமல் இருக்க மூடிக்கு அடியில் வைக்கிற காஸ்கெட்டைப் புதிதாக வெட்டிக் கொடுத்தார். கயிற்றை இழுத்ததும் மோட்டார் பிடித்துக்கொண்டது. அந்தச் சத்தத்தைக் கேட்டதும் நாம் மூன்று பேரும் அக்கரையில் இருக்கிற பிறைக்குப் போன ஞாயிற்றுக்கிழமைகள் ஞாபகம் வந்து கண் கலங்கிவிட்டது. நீ முன்னால் உட்கார்ந்து தண்ணீரில் கையை விடுவாய், அம்மா உன் பாவாடையைப் பிடித்துக்கொண்டு, மெதுவாகப் போகச் சொல்லி என்னைத் திட்டுவாள். கால் மணி நேரத்தில் மோட்டார் திக்கித் திக்கி நின்றுவிட்டது. பார்த்தால், சிலிண்டரைக் குளிர்விக்கச் சுற்றி ஓடுகிற தண்ணீர் எங்கேயோ கசிந்து, பொறி கொடுக்கிற பிளக்கை நனைத்திருக்கிறது. பம்பைப் பார்த்தேன், குழாயைப் பார்த்தேன், திருகுகளை முறுக்கினேன், நிற்கவில்லை. என் முன்கோபம் உனக்குத் தெரியுமே, ஒரு காஸ்கெட் ஒழுங்காக வெட்டத் தெரியாதா என்று நூர் முகம்மதை நாலு பேர் முன்னால் கேட்டுவிட்டேன். அவர் மூன்று நாள் என் பக்கம் வரவில்லை.

எல்லா இடமும் நனைந்திருந்தால் எங்கே ஒழுகுகிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? நேற்று மோட்டாரை நன்றாகத் துடைத்து, சம்படத்திலிருந்த விபூதியை மேலெல்லாம் தூவி, தண்ணீர்ப் பீப்பாயில் மாட்டி ஓட்டினேன். வெள்ளையில் ஈரக் கோடு ஒன்று மூடியின் கீழ் மூலையிலிருந்து இறங்கியது. கழற்றினேன். காஸ்கெட்டுக்கு அடியில், மூடி பதிகிற இடத்தில், மிளகளவு காய்ந்த சந்தனம், அதன் நடுவில் குங்குமம். பூஜையன்று அம்மா ஒவ்வொரு பாகத்துக்கும் பொட்டு வைத்தாள், உள்பக்கத்துக்கு எதற்கு என்று நான் கேட்டதற்கு, உள்ளே இருப்பதுதானே வேலை செய்கிறது என்றாள். அந்தப் பொட்டால்தான் காஸ்கெட் படியவில்லை, மூக்குக் கண்ணாடி போடாமல் கழுவிப் பூட்டியது என் தப்பு. நூர் முகம்மதின் வீட்டுக்கே போய் மன்னிப்புக் கேட்டேன். அவர் உடனே கூட வந்தார், பொட்டைப் பார்த்தார், கத்தியை என் கையில் கொடுத்தார். "அண்ணே, அக்கா வச்சது. நீங்களே எடுங்க லா" என்றார். கொஞ்ச நேரம் எனக்குக் கை வரவில்லை கோமதி. பிறகு சுரண்டி எடுத்துப் பூட்டி, இன்று காலையில் பிறை வரைக்கும் இரண்டு பேரும் போய் வந்தோம், ஒரு சொட்டுக்கூட ஒழுகவில்லை.

கப்பல் நின்றதும் கூட்டத்தோடு ஏணிக்கு ஓடாதே, நான் கூப்பிடும்வரை மேலேயே இரு. குழந்தைக்குக் குல்லா போட மறக்காதே, கடற்காற்று ஆகாது. சுரண்டிய சந்தனத்தைக் காகிதத்தில் மடித்து விபூதிச் சம்படத்தில் வைத்திருக்கிறேன். எண்ணெய் வாடை அடிக்கும், முகம் சுளிக்காதே. பேரன் போட்டில் ஏறியதும் அதைக் குழைத்து அவன் நெற்றியில் வைக்க வேண்டும், அவன் பாட்டி அவனுக்கு வைத்ததாக இருக்கட்டும்.

நீங்கள் மூவரும் நோய்நொடி இல்லாமல் நீடூழி வாழ வேண்டும்.

இப்படிக்கு,
உன் வரவை எண்ணிக்கொண்டிருக்கும் அப்பா
சந்திரசேகரன்