ரூத் யாருடைய மகள்

1996 பெப்ரவரி 6

மிஸிஸ் லிண்டவரின் வலது கையில் இன்னும் பிளாஸ்டர். புதுவருடத்துக்கு அடுத்த நாள் முத்திரை வாங்கப் போய்ப் பனிக்கட்டியில் வழுக்கி மணிக்கட்டை உடைத்துக்கொண்டார். எண்பத்தாறு வயதில் அப்படி என்ன அவசரம்? கேட்டால், "ஜெர்மனிக்குக் கடிதம் போக வேண்டியிருந்தது" என்கிறார். ஜெர்மனிக்கு அவசரம் இல்லை என்று நினைக்கிறேன்.

அவரைப் பார்த்துக்கொள்ள ஏஜென்சி என்னை வாரம் ஐந்து நாள் அனுப்புகிறது. கார்ட்டியர்விலிலிருந்து பஸ், பிறகு மெட்ரோ, பிறகு நோத்ர-டாம்-த-கிரேஸில் பத்து நிமிட நடை, மூன்று மாடி. லிஃப்ட் இருக்கிறது, அதில் ஏறி நிற்கலாம். அவ்வளவுதான்.

சாப்பாட்டு மேசையில் சாப்பிட முடியாது. அதன்மேல் அவருடைய குடும்பம் கிடக்கிறது. பதினாறு தாள்களை ஒட்டி ஒரே தாளாக்கியிருக்கிறார். இருநூற்றுப் பதினான்கு பெட்டிகள், ஒவ்வொன்றிலும் ஓர் ஆள். கடைசி முப்பது வருடமாக, புருஷன் போன பிறகு, இதுதான் வேலையாம். நாங்கள் இருவரும் சமையலறையில் நின்றபடி சாப்பிட்டோம்.

1996 பெப்ரவரி 9

மட்டக்களப்புக் கச்சேரி அலுவலகத்தில் பிறப்பு இறப்புப் பதிவில் பத்தொன்பது வருடம் இருந்தவள் நான் என்று இன்று சொல்லிவிட்டேன். சொல்லியிருக்கக் கூடாது. உடுப்பு மாற்றிவிட வந்தவளை இழுத்து மேசையடியில் இருத்திவிட்டார்.

ஜெர்மனியில் அவருடைய பழைய ஊர்ப் பதிவேடுகளின் பிரதிகள். கையெழுத்து எறும்பு ஊர்ந்த மாதிரி. யூதர்களுக்கு அந்தப் பக்கம் 1813 வரை குடும்பப் பெயரே கிடையாதாம், தகப்பன் பெயரைத்தான் பின்னால் போடுவார்களாம். பெரிய அதிசயம்போலச் சொன்னார். என் பாஸ்போர்ட்டை எடுத்துக் காட்டினேன். சிவநேசம் கதிராமத்தம்பி. "கதிராமத்தம்பி யார்?" என்றார். "அப்பா." "அப்பாவின் அப்பா?" "சின்னையா." என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, பத்து வருடமாகப் பிடிபடாத நாலு பெட்டிகளுக்கான தாள்களை என் பக்கம் தள்ளினார். ஒரு மணித்தியாலத்தில் முடித்தேன். நாலு பேரும் அண்ணன் தம்பிமார்.

1996 பெப்ரவரி 13

இருநூற்றுப் பதினான்கில் இருநூற்றுப் பதின்மூன்று பேருக்குத் தொடக்கமும் முடிவும் இருக்கிறது, அல்லது ஆள் இன்னும் உயிரோடு இருக்கிறார். ஒன்றே ஒன்றில்தான் கேள்விக்குறி. ரூத், பிறந்தது 1934.

மிஸிஸ் லிண்டவருக்கு ஒரே தங்கச்சி, பெயர் லோரா. லோராவின் ஒரே மகள் ரூத். 1939 மே மாதம், ஐந்து வயதில், மற்ற யூதப் பிள்ளைகளோடு ரயிலில் ஏற்றி இங்கிலாந்துக்கு அனுப்பியிருக்கிறார்கள். தாய்க்குப் போக வழி கிடைக்கவில்லை. 1942இல் நாஜிகள் கிழக்கே முகாம்களுக்குக் கொண்டுபோனவர்களின் பட்டியலில் லோராவின் பெயர் இருக்கிறது. அதற்குப் பிறகு எதிலும் இல்லை. மிஸிஸ் லிண்டவர் அப்போது தப்பியோடி ஷாங்காயில். 1949இல் இங்கே வந்து இங்கிலாந்துக்கு எழுதினால், பிள்ளையை ஒரு வீட்டார் எடுத்து வளர்க்கிறார்கள், பெயர் மாறிவிட்டது, சொல்ல முடியாது என்று பதிலாம்.

"அவளைக் கண்டுபிடிக்காமல் நான் சாகப் போவதில்லை" என்றார். மருந்து குடித்த கையோடு, மணி கேட்பதுபோலச் சொன்னார்.

1996 பெப்ரவரி 20

அந்த ரயில்களில் வந்த பிள்ளைகளுக்கு லண்டனில் ஒரு சங்கம் இருக்கிறதாம். பிள்ளைகள் என்றால் இப்போது அறுபது வயதுக்காரர்கள். விசாரணைப் படிவம் வந்தது. நான் நிரப்பினேன், கூடவே ஒரு கடிதமும் எழுதினேன். தேடுபவர்: ஹெர்த்தா லிண்டவர். தேடப்படுபவர்: ரூத். உறவு: மகள்.

"வாசித்துக் காட்டட்டுமா?" என்றேன்.

"பத்தொன்பது வருடம் பதிவு எழுதியவளை நான் சரிபார்ப்பதா?" என்று இடது கையால் கையெழுத்துப் போட்டார். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. கார்பன் பிரதி எடுத்து ஃபைலில் வைத்தேன். பழக்கம்.

1996 மார்ச் 14

பதில் இல்லை. பிளாஸ்டர் வெட்டியாயிற்று. விரல்கள் பேனாவைப் பிடிக்க மறுக்கின்றன. ஏஜென்சி செப்டம்பர் முடியும் வரை நீட்டித் தந்திருக்கிறது.

1996 ஏப்ரல் 22

இதை எழுத விருப்பமில்லை. இருந்தாலும் எழுதத்தான் வேண்டும்.

இங்கிலாந்திலிருந்து கடிதம். லீட்ஸ் என்ற ஊர், மிஸிஸ் ரூத் ஹாட்லி. உறையை நான்தான் கிழித்துக் கொடுத்தேன். மிஸிஸ் லிண்டவர் வாசித்தார். ஒரு கை வாயைப் பொத்திக்கொண்டது. அழப் போகிறார், சந்தோஷம்தான் என்று தண்ணீர் எடுக்கப் போனேன். திரும்பி வந்தால் முகம் வேறு மாதிரி.

"யாரை இவள் அம்மா என்கிறாள்?"

நானும் வாசித்தேன். இதற்கு முன் இரண்டு தடவை யாரோ உறவினர்கள் குடும்ப மரத்துக்காகத் தனக்கு எழுதினார்களாம், குப்பையில் போட்டாராம். 'இதை மட்டும் நாற்பது தரம் வாசித்துவிட்டேன். அம்மாவின் பெயரைக்கூட நான் மறந்துவிட்டேன். அம்மா உயிரோடு இருக்கிறார் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை. கேட்டால் இல்லை என்று சொல்லிவிடுவார்கள் என்று பயம். அவரால் டெலிபோனில் பேச முடியுமா? ஐம்பத்தேழு வருடம் ஏன் என்னைத் தேடி வரவில்லை என்று நான் அவரிடம் கேட்க வேண்டும்.'

ஃபைலை எடுத்தேன். கார்பன் பிரதி. உறவு, மகள். என்னுடைய அழகான கையெழுத்து. கடிதத்திலும் 'தன் மகள் ரூத்தைத் தேடுகிறார்'.

தங்கச்சியின் மகள் மகள்தானே! வேறென்ன எழுதுவது? — ஐயோ, நான் என்ன செய்து வைத்திருக்கிறேன்.

மிஸிஸ் லிண்டவர் கத்தவில்லை. கத்தியிருக்கலாம். "லோராவை நீ அவளுக்கு எழுப்பிக் கொடுத்துவிட்டாய். இனி நான் லோராவைக் கொல்ல வேண்டும்" என்றார். பிறகு, "வீட்டுக்குப் போ. நாளைக்கு வராதே."

1996 ஏப்ரல் 23

போகவில்லை. வீட்டில் மூன்று தரம் தரையைத் துடைத்தேன்.

தங்கச்சி யோகராணி டோர்வல் விமான நிலையத்தில் விமானச் சாப்பாடு கட்டும் வேலை முடிந்து வந்து கதையைக் கேட்டாள். "நீங்க எழுதினது சரிதானேக்கா. மறுகா, அந்தப் புள்ள அவட மகள் இல்லாம ஆருட மகள்?" என்றாள். அவளும் என்னைப்போலத்தான், நாங்கள் ஒரே வீட்டில் வளர்ந்தவர்கள்.

அவளுடைய மகள் கமலினி டிவியிலிருந்து தலையைத் திருப்பாமல் சொன்னாள், "இங்கிலீசில நீஸ் எண்டு எழுதியிருக்கணும் பெரியம்மா."

"நீஸ் எண்டா அண்ணன் தம்பிட மகள். மருமகள். எனக்குத் தெரியாதா?"

"ரெண்டும் நீஸ்தான்."

இரண்டும் ஒன்றா? அப்படியானால் இந்த மனுசர் யார் யாரைக் கட்டலாம் என்று எப்படித்தான் அறிந்துகொள்கிறார்கள்! கமலினி சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இந்தப் பிள்ளையின் பள்ளிக்கூடப் படிவம் எல்லாவற்றிலும் மகள் என்றுதான் எழுதியிருக்கிறேன். ஒருவரும் அதற்காகத் தாய் யார் என்று கேட்கவில்லை.

வெட்கமாக இருக்கிறது. வெட்கம்கூட இல்லை, பயம். லீட்ஸில் ஒருத்தி டெலிபோனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள்.

1996 ஏப்ரல் 26

காலை ஏழு மணிக்கு அழைப்பு. "என் கையால் எழுத முடியாது என்பது உனக்குத் தெரியும். நீ எழுதியதை நீதான் திருத்த வேண்டும்."

போனேன். மூன்று நாளாகக் குளிக்கவில்லை. முதலில் குளிக்க வார்த்தேன். பிறகு எழுதினோம். டெலிபோனில் சொல்லலாமே என்றேன். "சாவை டெலிபோனில் சொல்வதா?" என்றார். ஆறு மணித்தியாலம், இரண்டு பக்கம். 'உன் அம்மா லோரா 1942இல் கொண்டுபோகப்பட்டாள், திரும்பவில்லை. நான் அவளுடைய அக்கா. தவறு எங்களுடையது.' 'எங்களுடையது' என்று அவர்தான் சொல்லச் சொன்னார். என்னுடையது என்று எழுதப் போனேன், பேனாவைத் தட்டிவிட்டார்.

இந்த முறை ஒவ்வொரு வரியையும் வாசித்துக் காட்டினேன். நாலாவது வரியில் அவர் அழுதார். நானும். தபாலில் போட்டுவிட்டு வந்து உருளைக்கிழங்கு அவித்தேன்.

1996 மே 31

ஒன்றும் இல்லை.

1996 ஜூன் 18

ஒன்றும் இல்லை. மிஸிஸ் லிண்டவர் மேசையில் கிடந்த தாளைச் சுருட்டி வைத்துவிட்டார். இப்போது உட்கார்ந்து சாப்பிடலாம். ருசியாக இல்லை.

1996 ஜூலை 9

கடிதம். சின்னக் கடிதம்தான், அப்படியே எழுதி வைக்கிறேன்.

'மூன்று வாரம் உங்கள் இருவரையும் வெறுத்தேன். பிறகு யோசித்தேன். அம்மா 1942இல் இல்லாமல் போயிருந்தால், அவர் வராததற்குக் காரணம் இருந்திருக்கிறது. இத்தனை காலம் நான் அவரோடு கோபமாக இருந்தேன். இனி யாரோடு கோபப்படுவது என்று தெரியவில்லை. என்னிடம் அவருடைய படம் இல்லை. முகம் ஞாபகம் இல்லை. உங்களிடம் இருந்தால் பார்க்க வருகிறேன். செப்டம்பரில் டிக்கெட் மலிவாம்.'

மிஸிஸ் லிண்டவரிடம் படம் இல்லை. ஷாங்காயில் பெட்டியோடு போய்விட்டது. "இல்லை என்று எழுது" என்றார். "எழுதினால் வரமாட்டார்" என்றேன். "பொய்யைச் சொல்லி வரவழைத்தது போதும்." எழுதினேன். முத்திரை ஒட்டும்போது எனக்கு ஆத்திரம் வந்தது. ஒரு படத்தைக்கூடவா காப்பாற்ற முடியாது ஒரு மனுசிக்கு?

1996 ஓகஸ்ட் 2

தந்தி மாதிரி ஒரு தபாலட்டை. 'டிக்கெட் வாங்கிவிட்டேன். காசு திரும்பத் தரமாட்டார்களாம். வருகிறேன்.'

1996 செப்டம்பர் 14

மிராபெல் விமான நிலையத்துக்கு டாக்ஸியில் போய்க் கூட்டி வந்தேன். ரூத் உயரம், முழங்கால் வலி, மாநகரசபை நூலகத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். வழியெல்லாம் மழையைப் பற்றித்தான் பேசினார். கதவைத் திறந்ததும் இரண்டு பேரும் கை கொடுத்துக்கொண்டார்கள், வங்கியில் அறிமுகமானவர்கள் மாதிரி. "பயணம் எப்படி?" "பரவாயில்லை." எனக்கு அழுகை வந்தது, அவர்களுக்கு வரவில்லை.

1996 செப்டம்பர் 16

மேசையில் தாளை விரித்தார்கள். இருநூற்றுப் பதினான்கு பேரைப் பற்றியும் மிஸிஸ் லிண்டவர் சொல்ல, ரூத் கேட்டுக்கொண்டிருந்தார். லோராவின் பெட்டி வந்தது. "எப்படி இருப்பார்?" "உயரம். பழுப்புத் தலைமுடி." வேறு? மிஸிஸ் லிண்டவர் கண்ணை மூடித் தேடினார். "நல்லவள்" என்றார். ரூத் தலையாட்டினார். அந்த 'நல்லவளை' வைத்து ஒருத்தி என்ன செய்வாள்?

1996 செப்டம்பர் 17

இன்று பின்னேரம் சண்டை. யன்னலுக்காக. ரூத்துக்குத் திறந்திருக்க வேண்டும், மிஸிஸ் லிண்டவருக்குக் குளிர். திற, மூடு, திற. "முப்பது வருடம் நான் தனியாக இந்த யன்னலை மூடி வாழ்ந்தவள்!" "அதுதான் வீடு இப்படி நாறுகிறது!" ரூத் விசுக்கென்று கைகளைக் கட்டி, நாடியை உயர்த்தி, முகத்தை வலது பக்கம் திருப்பிக்கொண்டார். கீழுதடு முன்னுக்கு வந்துவிட்டது, அறுபத்திரண்டு வயதில்.

மிஸிஸ் லிண்டவர் யன்னல் கம்பியைப் பிடித்தபடி நின்றுவிட்டார். நெஞ்சுவலியாக்கும் என்று ஓடினேன். என்னைத் தள்ளிவிட்டு ஜெர்மன் மொழியில் ஏதோ சொன்னார். பிறகு ஆங்கிலத்தில், ரூத்திடம்: "அப்படியே நில். அசையாதே. இது லோரா. என்னோடு சண்டை போட்டால் அவள் இப்படித்தான் நிற்பாள்."

ரூத் கையை அவிழ்க்காமலே குளியலறைக்குப் போனார். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு நானும் போனேன். கதவு திறந்துதான் இருந்தது. கண்ணாடிக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு, நாடியை உயர்த்தி, முகத்தை வலது பக்கம் திருப்பி, ஓரக்கண்ணால் தன்னையே பார்த்துக்கொண்டு நின்றார். கலைந்தால் மறுபடி முதலிலிருந்து வைத்துப் பார்த்தார்.

நான் போய் அடுப்பைக் குறைத்தேன்.