இடது கால் மரத்ததை யாரிடமும் சொல்லவில்லை

ஜூன் 18, புதன்

காலையிலிருந்து சாரல். மலை தெரியவில்லை. மெடிக்கல் லீவில் பன்னிரண்டாம் நாள். என் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளை யார் பார்க்கிறார்களோ.

டாக்டர் சொன்னபடி: படுக்கை, மாத்திரை, குனியக் கூடாது. முதுகெலும்பில் டிஸ்க் நழுவி நரம்பை அழுத்துகிறதாம். காலில் உணர்ச்சி குறைந்தால் ஒரு நாள்கூடத் தள்ளாமல் வர வேண்டுமாம்.

கா. – நூலகத்துத் துப்பறியும் கதை, 60 பக்கம். கொலைகாரன் யாரென்று பாதியிலேயே தெரிந்துவிட்டது. வேறு வேலை இல்லாததால் படித்தேன்.
மதியம் – போனில் ஒரு பழைய படம். கதாநாயகி இருமத் தொடங்கியதும் நிறுத்திவிட்டேன்.
மா. – வலி. மல்லாந்து படுத்துப் புத்தகத்தைத் தூக்கிப் பிடிப்பதில் இப்போது தோளும் சேர்ந்துகொண்டது.

இங்கே மட்டும் எழுதுகிறேன். இடது காலில் கட்டைவிரலும் அடுத்த விரலும் நான்கு நாளாக மரத்துக் கிடக்கின்றன. வீட்டுக்காரரிடம் சொல்லவில்லை.

ஜூன் 20, வெள்ளி

அவர் மில்லுக்குக் கிளம்பும்போது கேட்டார்.

"ரூபி, கால் எப்படி இருக்கு? ஒருக்கா டாக்டர்ட்ட காட்டிட்டு வந்துருவமா?"

"பரவால்ல. அடுத்த வாரந்தான வரச் சொன்னாரு. இப்பப் போயி என்னத்தக் காட்ட?"

எவ்வளவு சுலபமாகப் பொய் வருகிறது. சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

சொன்னால் ஆபரேஷன் என்பார்கள். கிரேஸ் அக்காவுக்கு ஆறு வருடத்துக்கு முன் இதே டிஸ்க், இதே ஆபரேஷன். நடந்து உள்ளே போனவள் சக்கர நாற்காலியில் ஸ்ரீவில்லிபுத்தூர் வீட்டுக்கு வந்தாள். இன்றுவரை அதில்தான்.

மதியம் அவளும் நானும் படம் பார்த்தோம். அவள் அங்கே டி.வி.யில், நான் இங்கே ராஜபாளையத்தில் போனில். அவள் பேசுவது எனக்கு என் வீட்டுக்காரரின் பழைய போன் ஸ்பீக்கரில் கேட்கும். "ஒண்ணு, ரெண்டு, மூணு" சொல்லி ஒன்றாக ஆரம்பித்தாலும் அவளுடையது கொஞ்சம் முந்தி ஓடுகிறது. அவள் சிரித்தால் ஜோக் வரப்போகிறது என்று நான் தயாராகிவிடுவேன். "ஏட்டி, இந்தப் பய நல்லவன் இல்ல, பாத்துக்கோ" என்றாள். சரியாகத்தான் சொன்னாள்.

மூன்று மணி நேரம் பேசினோம். என் முதுகைப் பற்றி அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானும் கால் மரத்ததைச் சொல்லவில்லை. இப்போது பாதத்தின் மேல்புறமும்.

ஜூன் 23, திங்கள்

வெயில். தடிமனான நாவல், கூட்டுக் குடும்பச் சண்டை, விட மனசில்லை. வெந்நீர்ப் பையைக் காலுக்கு அடியில் வைத்துக்கொண்டு 90 பக்கம்.

பக்கத்து வீட்டு ராமலட்சுமி குழம்பு கொண்டுவந்தாள். கிண்ணத்தை வைத்துவிட்டுத் திரும்பியவள் கத்திவிட்டாள்.

"அய்யோ டீச்சர்! கால்ல கொப்புளம் எம்புட்டுப் பெருசு! சூடு தெரியலையா?"

பார்த்தேன். பாதத்தின் ஓரத்தில் எலுமிச்சம்பழம் அளவுக்கு. என் கால் போலவே இல்லை.

"அவுகட்ட சொல்லிராத" என்றேன்.

"அண்ணன் வரட்டும். நீங்க சொல்லலேன்னா நான் சொல்லுவேன்."

சொல்லிவிட்டாள். அவர் திட்டவில்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

"கண்ண மூடிக்கோ. பேனா முனையால தொடுறேன். தெரியுதான்னு சொல்லு."

மூடிக்கொண்டேன். செத்த நேரம் போனது.

"தெரியுதா?"

"தெரியுது."

"நான் இன்னும் தொடவே இல்ல, ரூபி."

கண்ணைத் திறக்கவில்லை. அவர் எழுந்து வெளியே போகும் சத்தம் கேட்டது.

ஜூன் 24, செவ்வாய்

டாக்டர் குதிகாலில் நிற்கச் சொன்னார். வலது பாதம் தூக்கிக்கொண்டது. இடது பாதம் தரையை விட்டு எழவில்லை.

"எத்தன நாளா?"

"பத்து."

பேனாவை மூடி வைத்தார். மதுரைக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார். இந்த வாரத்துக்குள் ஆபரேஷன். மாட்டேன் என்று அங்கேயே சொல்லிவிட்டேன். வீட்டுக்கு வந்தும் அதையே.

"அக்காவப் பாத்தீங்கள்ல? என்னயும் அப்படித் தூக்கிச் சுமக்கணுமா?"

"சுமந்தா சுமக்கேன். ஒனக்கென்ன?" என்று முதல்முறையாகச் சத்தம் போட்டார். பிறகு அடுப்படியில் போய் நின்றுகொண்டார்.

சாப்பிடவில்லை. புத்தகம் தொடவில்லை. ஜெபிக்கவும் வரவில்லை.

ஜூன் 25, புதன்

அக்கா வந்தாள்! ஸ்ரீவி.யிலிருந்து ஆட்டோவில். சர்ச்சுக்கும் ஆஸ்பத்திரிக்கும் தவிர வெளியே போகாதவள். அவர்தான் காலையில் போய் அழைத்து வந்திருக்கிறார். ஆட்டோக்காரரும் அவரும் நாற்காலியோடு தூக்கி உள்ளே வைத்தார்கள். "நீங்க வெளிய இருங்க தம்பி" என்று அவரை அனுப்பினாள்.

"ஏட்டி, ஆபரேஷன் மாட்டேங்கியாமே."

"ஒனக்கு என்ன ஆச்சுன்னு பாத்துட்டுத்தான் சொல்லுதேன்."

நாற்காலியை என் கால்மாட்டுக்கு உருட்டிக்கொண்டு வந்தாள்.

"என்னய ஆபரேஷன் முடக்கல. மூத்திரம் போறதே தெரியாம ரெண்டு மாசம் இருந்தேன். துணிய வச்சுக் கெட்டிக்கிட்டுத் திரிஞ்சேன். ஒங்க அத்தானுக்குக்கூடத் தெரியாது. வெக்கம். பொறவு ஒரு கால் இழுக்க ஆரம்பிச்சப்பதான் ஆஸ்பத்திரிக்கே போனேன். லேட்டுன்னு டாக்டர் அப்பவே சொன்னாரு."

"ஏன்க்கா எங்கள்ட்ட சொல்லல?"

"எல்லாரும் டாக்டரக் கொற சொன்னீங்க. நானும் அப்படியே இருந்துட்டேன்."

கோபம் வந்தது. ஆறு வருடம். அவளுக்காக நான் எத்தனை பேரிடம் அந்த டாக்டரைத் திட்டியிருக்கிறேன். கேட்பதற்கு முன் அவள் கையைப் பார்த்தேன். என் கால் விரல்களைப் பிடித்துக்கொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாகப் பிடித்திருந்தாள் என்று எனக்குத் தெரியவில்லை.

"போறேன்" என்றேன்.

ஜூன் 26, வியாழன். மதுரை

கையெழுத்துப் போட்டேன். கம்மல், வளையல் கழற்றி அவரிடம். நாளை காலை. பயம். நாவலில் இன்னும் 110 பக்கம் இருக்கிறது, எடுத்து வரவில்லை.

ஜூன் 29, ஞாயிறு

எழுத முடிகிறது, கொஞ்சம். தையல் இழுக்கிறது. கால் முழுக்கத் திரும்பலாம், பாதி திரும்பலாம், திரும்பாமலும் போகலாம். மூன்று மாதம் பொறுக்க வேண்டுமாம்.

நேற்று நிற்க வைத்தார்கள். இன்று வாக்கரைப் பிடித்து நடை. இடது பாதம் இழுபடுகிறது. அவர் பின்னால் கையை விரித்துக்கொண்டே வந்தார்.

சாயங்காலம் அக்கா போன்.

"எத்தன அடி நடந்த?"

"நாலு" என்றேன்.

மறுமுனையில் டி.வி. சத்தம் நின்றது. சொல்லியிருக்கக் கூடாதோ. அழுகிறாளா என்று கேட்க வாய் வரவில்லை. அவளும் போனை வைக்கவில்லை, நானும் வைக்கவில்லை. மூச்சு மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. ஊசி போட நர்ஸ் வந்து நின்றாள். கொஞ்சம் பொறுங்கள் என்று கையைக் காட்டினேன்.