தறியில் உட்கார்ந்த மீசைக்காரர்

சிவமயம்

பெரிய காஞ்சிபுரம்,
மார்கழி, திங்கட்கிழமை

அன்பு மகன் ஆனந்தகுமாருக்கு அம்மா கமலாட்சி எழுதுவது. இங்கே நானும் உன் தங்கை காயத்ரியும் நல்லபடியாக இருக்கிறோம். மஸ்கட்டில் உன் உடம்பை ஏகாம்பரநாதர் பார்த்துக்கொள்ளட்டும்.

போன் இருக்கும்போது கடுதாசி எதற்கு என்று கேட்பாய். போனில் நீ இரண்டு வார்த்தைக்கு மேல் நிற்பதில்லை. டூட்டிக்கு நேரமாச்சு என்று வைத்துவிடுகிறாய். கடுதாசியை அப்படிப் பாதியில் வைக்க முடியாது பார். அடுத்த தெரு சிட்டிபாபு லீவு முடிந்து அங்கே திரும்புகிறான். அவன் கையில் இதையும் இட்லிப் பொடியும் நார்த்தங்காய் ஊறுகாயும் கொடுத்தனுப்புகிறேன். நான் ஐந்தாவதோடு நின்றவள். எழுத்து தப்பாக இருந்தால் கூட்டிப் படித்துக்கொள்.

ஐப்பசியில் ஒரு வெள்ளிக்கிழமை நீ போன் செய்தாயே, ஞாபகம் இருக்கிறதா? காயத்ரிதான் எடுத்தாள். வீட்டில் சிரிப்புச் சத்தம் உனக்குக் கேட்டது. "அப்பா போயி வருஷம் திரும்பல, அதுக்குள்ள உனக்கு என்னா விளையாட்டும் சிரிப்பும் வேண்டியிருக்குது?" என்று கேட்டு வைத்துவிட்டாய். நீ போட்ட சத்தம் பக்கத்தில் நின்ற எனக்கே கேட்டது. அன்றிலிருந்து உன் பேரை எடுத்தால் காயத்ரி எழுந்து உள்ளே போய்விடுகிறாள். நீயும் அவளிடம் கொடு என்று கேட்பதில்லை. எனக்கு இருப்பது நீங்கள் இரண்டு பேர்தான். அதனால் அது என்ன விளையாட்டு என்று முதலிலிருந்து எழுதுகிறேன். பொறுமையாகப் படி.

காயத்ரியின் கம்பெனி புனேயில் இருப்பது உனக்குத் தெரியும். வெளிநாட்டு ஆஸ்பத்திரிகளின் பில்லைச் சரிபார்க்கிற வேலை. அப்பா போன பிறகு என்னைத் தனியாக விட மனசில்லாமல், வீட்டிலிருந்தே செய்கிறேன் என்று கேட்டு வாங்கிக்கொண்டு வந்தாள். தறி இருக்கிற கூடத்தில்தான் மேஜை போட்டிருக்கிறாள். அவளுக்குக் கீழே ஒரு குழு இருக்கிறது. ஆளுக்கொரு ஊர். ராஞ்சியில் ஜான்சன் என்று ஒருவர், மங்களூரில் லில்லி என்று ஒரு பெண், இன்னும் சிலர். யாரும் யாரையும் நேரில் பார்த்ததில்லை. மீட்டிங் என்றால் கம்ப்யூட்டரில் எல்லாருடைய கட்டமும் கறுப்பாகவே இருக்கும். கேமரா போடமாட்டார்கள். இவள் கேள்வி கேட்பாள், பதில் வராது. இவளும் போடமாட்டாள். அழுத கண்ணோடு எப்படிப் போடுவாள்?

ஒரு தடவை ஒரே ஆஸ்பத்திரியின் பில்லை ஜான்சனும் செய்து அனுப்பிவிட்டார், லில்லியும் செய்து அனுப்பிவிட்டாள். இன்னொரு ஆஸ்பத்திரியை யாருமே தொடவில்லை. அவர் செய்வார் என்று இவள், இவள் செய்வாள் என்று அவர். ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளவில்லை. மேலதிகாரி அம்மா காயத்ரியைக் கூப்பிட்டு, பொங்கலுக்குள் உன் குழு ஒன்றாகச் சேரவில்லை என்றால் கலைத்துவிடுவோம், நீ புனேவுக்கே வந்துவிடு என்று சொல்லிவிட்டார். இதை நான் துருவித் துருவிக் கேட்டுத்தான் வாங்கினேன்.

வாராவாரம் வெள்ளிக்கிழமை சாயங்காலம் எல்லாரையும் சேர்த்து விளையாட வையுங்கள் என்று கம்பெனியிலேயே சொல்லியிருந்தார்கள். முதலில் கேள்வி பதில் போட்டி வைத்தாள். எல்லாரும் பட்டனை அமுக்கிவிட்டு வாயைத் திறக்காமல் போய்விட்டார்கள். அடுத்த வாரம் பாட்டு. ஒருத்தர் பாக்கியில்லாமல் எல்லாருக்கும் அன்றைக்கு நெட் சரியில்லையாம்.

அப்புறம் ஒருநாள் நான் தறிமேல் மூடியிருக்கிற அப்பா துண்டை உதறிப் போட்டுக்கொண்டிருந்தேன். மேஜையில் இருந்தபடியே கேட்டாள், "கோர்வை போடறப்ப நீயும் அப்பாவும் மூஞ்சியப் பாத்துக்கினாம்மா போட்டீங்க?" என்று. இல்லை என்றேன். கோர்வைச் சேலையில் உடல் ஒரு நிறம், பார்டர் ஒரு நிறம், இரண்டையும் கோக்க ஒரு தறிக்கு இரண்டு பேர் வேண்டும், நீயும் சின்னப் பிள்ளையில் உட்கார்ந்தவன்தானே. அப்பா நடுவில், நான் ஓரத்தில். அவர் "ம்" என்பார், நான் பார்டர் நூல் ஓடுகிற நாடாவை விடுவேன். பசியா, கோபமா, முதுகு வலியா என்று அந்த "ம்"மிலேயே எனக்குத் தெரிந்துவிடும். இதைச் சொன்னேன். அவள் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அந்த வெள்ளிக்கிழமை அவளே யோசித்து ஒரு விளையாட்டு வைத்தாள். இரண்டு இரண்டு பேராக ஆட வேண்டும். ஒருவர் தன் வீட்டிலிருக்கிற ஒரு பொருளை, பேர் சொல்லாமல், எப்படி இருக்கிறது என்று மட்டும் சொல்ல வேண்டும். மற்றவர் கேள்வி கேட்டுக் கேட்டு அதை வரைய வேண்டும். கேட்காமல் வரைய முடியாது, அதுதான் அவள் வைத்த பொடி. லில்லி தேங்காய் துருவியைச் சொல்ல, கூட ஆடியவர் வாத்து வரைந்தாராம். கறுப்புக் கட்டத்துக்குள்ளிருந்து முதல் தடவையாகச் சிரிப்பு கேட்டது.

காயத்ரிக்கு ஜோடி ஜான்சன். எதிரே இருந்ததைப் பார்த்து அவள் சொன்னாள். தரையில் ஒரு குழி, கால் விட்டு உட்காரலாம், மேலே மரச்சட்டம், பாதி வரைக்கும் சிவப்புத் துணி, மிச்சம் வெறும் நூல் என்று. அவர் கேட்டுக் கேட்டு வரைந்தார். வரைந்ததைப் படம் பிடித்து அனுப்பினார்; பார்த்தால், குழியில் ஒரு ஆள் உட்கார்ந்திருக்கிறார். ஆள் இருப்பதாக நான் சொல்லவில்லையே என்றாள். உட்காரக் குழி இருக்கிறது என்றால் உட்காருகிறவர் இல்லாமலா என்று கேட்டாராம்.

 அப்போது அவள், அது என் அப்பா உட்காரும் இடம், பங்குனியில் இறந்துவிட்டார் என்று சொல்லிவிட்டாள். அதுவரை அந்தக் குழுவில் ஒருவருக்கும் அவள் இதைச் சொன்னதில்லை. சொல்லிவிட்டு முதலில் தன் கேமராவைப் போட்டாள். பிறகு ஒவ்வொரு கட்டமாகத் திறந்துகொண்டது. லில்லி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

என்னையும் கூப்பிட்டு அந்தப் படத்தைக் காட்டினாள். ஆனந்தா, உன் அப்பா ஜென்மத்தில் மீசை வைத்ததில்லை. கல்யாணமான புதிதில் ஆசையாகக் கேட்டதற்கு, "முடி உதுந்து பட்டுல ஒட்டிக்கும்டி" என்றவர். அவருக்கு ராஞ்சியிலிருந்து ஒருவர் காது வரைக்கும் மீசை வைத்துவிட்டார். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது. அடக்கப் பார்க்கிறேன், அடங்கவில்லை. அந்த நேரத்தில்தான் உன் போன் வந்தது.

நீ கேட்டது உன் தங்கை சிரிப்பு இல்லையப்பா. என் சிரிப்பு. அவர் போன பிறகு நான் சிரித்தது அன்றைக்குத்தான். அம்மா சிரித்தாள் என்று என்னைக் காட்டிக்கொடுக்காமல், அந்தப் பேச்சை அவளே வாங்கிக்கொண்டாள்.

இப்போது அந்தக் குழு வேலையைத் தொடங்குமுன் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்கிறது. பில் விடுபடுவதில்லை. லில்லிக்குக் காய்ச்சல் என்றால் ஜான்சன் அவள் பங்கையும் பார்க்கிறார். புனேவுக்கு வர வேண்டாம், அங்கிருந்தே செய் என்று மேலதிகாரி அம்மா சொல்லிவிட்டார். போன வாரம் மற்ற குழுக்களுக்கும் இதைச் சொல்லிக்கொடுக்கச் சொன்னார்கள். நம் காயத்ரி கேமரா போட்டுக்கொண்டு, அத்தனை பேருக்கும் இங்கிலீஷில் மளமளவென்று பேசினாள். நம் தறியைக் காட்டினாள். கோர்வை என்கிற வார்த்தையை மட்டும் தமிழிலேயே சொன்னாள். குக்கர் சத்தம் கேட்டுவிடப் போகிறதே என்று அடுப்பை அணைத்துவிட்டுக் கதவோரம் நின்று கேட்டேன். உன் அப்பா இருந்திருந்தால் பாராட்டியெல்லாம் பேசியிருக்க மாட்டார். "ம்" என்றிருப்பார். அந்த "ம்" எப்படி இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும்.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். அப்பாவை எடுத்த அன்று வர உனக்கு லீவு கிடைக்கவில்லை. போனில்தான் அப்பா முகத்தைப் பார்த்தாய். அதற்குப் பிறகு நீ வீடியோ போட்டதே இல்லை. முகத்தைக் காட்டு என்று உன்னைக் கட்டாயப்படுத்த மாட்டேன். வெள்ளிக்கிழமை உனக்கு அங்கே லீவுதானே. சாயங்காலம் போன் செய். காயத்ரி எடுப்பாள், அவளிடம் நான் சொல்லிக்கொள்கிறேன். உன் அறையில் இருக்கிற ஏதாவது ஒன்றைப் பேர் சொல்லாமல் சொல். கட்டிலோ, ஜன்னலோ, அடுப்போ. அவள் கேள்வி கேட்கட்டும், நீ பதில் சொல்லு. நான் வரைகிறேன்.

எனக்குக் கோலத்தைத் தவிர எதுவும் வரைய வராது. ஆனால் நீ எந்தப் பொருளைச் சொன்னாலும் அதன் பக்கத்தில் ஒரு ஆளையும் உட்கார வைத்துவிடுவேன், இப்போதே சொல்லிவிட்டேன். நீ இப்போது மீசையை எப்படி வைத்திருக்கிறாய் என்று மட்டும் சரியாகச் சொல்லிவிடு கண்ணு. அதிலாவது தப்பு வரக்கூடாது.

காமாட்சி உன் கூடவே இருப்பாள்.

வெள்ளிக்கிழமைக்குப் பென்சில் சீவி வைத்திருக்கும்,
உன் அம்மா
ப. கமலாட்சி