தறியில் தொங்கிய பாரம்

ஆடி 12

காலையிலிருந்து காற்று. வீடெல்லாம் புழுதி. நூல் அறுந்துகொண்டே இருந்தது, ஒரு முழம்கூட நெய்யவில்லை.

மகன் குமரேசன் மிலிட்டரியிலிருந்து லீவில் வந்தான். இளைத்திருக்கிறான். பேரை முழுசாக எழுதக் கை வலிக்கிறது, இனி கு. பள்ளிக்கூடம் போனவன் இல்லை நான். கடைப் பலகை, பஸ் பலகை பார்த்துப் பழகிய எழுத்து. ஒரு வரிக்கு ஒரு பீடி ஆகிறது.

புனா பக்கம் ஏதோ கோர்ஸாம்.

"இன்னா கோர்ஸ்டா?"

"இரும்பு சாமான் சம்பந்தமா, நைனா."

அவன் அம்மா பாக்கியம், வெல்டிங் என்று தெருவெல்லாம் சொல்லிவிட்டு வந்தாள்.

ஆடி 13

இன்று எழுத்து கோணல்.

காலையில் தறிக்குழியில் உட்கார்ந்து நெய்துகொண்டிருந்தேன். கு. காபி டம்ளரோடு தறிக்குப் பின்பக்கம் போனான். அங்கே பாவு நூல் தொய்யாமல் இருக்க ஒரு இரும்புப் பாரம் கயிற்றில் தொங்கும். அதைப் பார்த்து நின்றான். டம்ளரை மெதுவாகத் தரையில் வைத்தான்.

"நைனா, கால மெதுவா எடு. எய்ந்து வெளிய போ."

"இன்னாடா?"

"போன்னா போ!"

என்னிடம் அப்படிப் பேசினவனே இல்லை.

வெளியே வந்து சொன்னான். அது பீரங்கிக் குண்டு. வெடிக்காத குண்டு.

எனக்கு எல்லாம் நினைவிருக்கிறது. களம்பூரில் ரைஸ் மில்லுக்கு எதிரே பழைய இரும்புக் கடை. கடைக்காரருக்கு அம்மைத் தழும்பு, ஒரு காதில் மடல் இல்லை. எந்தக் கல்லும் சரியான பாரம் வராமல் தேடிப் போனேன். இதைத் தூக்கிப் பார்த்ததும் பிடித்துப்போயிற்று. கழுத்தில் வளையம் இறுக்க நானே சுத்தியால் அடித்தேன். நாலைந்து அடி, பலமாக. கழற்றி வைக்கும்போதெல்லாம் பாக்கியம் அதன் மேல் தேங்காய் உடைப்பாள். கு. தவழும் வயதில் அதைப் பிடித்துத்தான் எழுந்து நின்றான். ஆயுத பூஜைக்கு வருஷம் தவறாமல் பொட்டு வைத்தோம்.

கோர்ஸும் வெல்டிங் இல்லை. குண்டைச் செயலிழக்க வைக்கிற படிப்பு.

தெருவைக் காலி செய்தான், போலீசுக்கு போன் போட்டான். பவர்லூம்கள் நின்றன. பக்கத்து வீட்டுத் துரை மட்டும், "அதான் படிக்கிறியே, கய்ட்டிக் கடாசு. இன்னா பேஜார் பண்ற? பயமா?" என்றான்.

"பயந்தான் மாமா. படிச்சி முடிக்காதவன் கை வைக்கக் கூடாது. மொத நாளே சொல்லிட்டாங்க."

மாலை வேலூரிலிருந்து போலீஸ் ஜீப், மணல் மூட்டைகள், ஒரு அதிகாரி. தடித்த அங்கி மாட்டிக்கொண்டு உள்ளே போனவர் திரும்பி வந்துவிட்டார். "ஒரே கயிறா இருக்கு. எதை அவிழ்த்தா எது விழும்னு தெரியல. தறி தெரிஞ்சவங்க யாரு?"

நான் கையைத் தூக்கினேன். கு. என் கையை இறக்கிவிட்டான். "நான் வர்றேன் சார். நீங்க பாரத்தப் புடிச்சிக்குங்க, கயித்த நான் அவுக்கறேன்."

அங்கி ஒன்றுதான். கு. லுங்கியோடு போனான்.

பாக்கியம் பிடித்த பிடியில் என் சட்டைப் பொத்தான் தெறித்தது. தெருவில் காக்கை சத்தம் மட்டும்.

மணல் பெட்டியில் வைத்து இரண்டு பேரும் தூக்கி வந்தார்கள். அதை ஜீப்பில் ஏற்றினதும் "ஓடி வாடா!" என்று கத்தினேன். ஓடவில்லை. நடந்தே வந்தான்.

ஏன் ஓடவில்லை என்று சாப்பிடும்போது கேட்டேன்.

"ஓடுனா தடுக்கும், நைனா. நடக்கத்தான் பழக்கறாங்க. மூட்டை கனத்துக்கு அங்கி, உள்ள வேர்த்துக் கொட்டும். ஒருத்தன்தான் கிட்ட போவான், மத்தவங்க தூரத்துல. பொய்க் குண்டுதான் வைப்பாங்க. தப்பு பண்ணா பல்பு எரியும். செத்துட்டன்னு வாத்தியார் எய்திக்குவாரு."

"உனக்கு எரிஞ்சிச்சா?"

சோற்றைப் பிசைந்தான். "எரிஞ்சிச்சி."

ஆடி 14

காய்ந்த ஏரிக்குள் குழி வெட்டி வெடிக்க வைத்தார்கள். சத்தத்தில் அலமாரிப் பாத்திரம் உருண்டது. உயிருள்ள குண்டுதான். பாக்கியம் தரையில் உட்கார்ந்தவள் எழவில்லை.

சாயங்காலம் பார்த்தால் வாசலில் ஊர் இரும்பெல்லாம். எடைக்கல், லாரி ஆக்சில் துண்டு, உரல் பூண். எல்லாம் அவரவர் தறியில் தொங்கினது.

"தம்பி, இத்த கொஞ்சம் பாரேன். என் மாமியா காலத்துது."

"உன் மாமியாளயே காட்டணும்," துரை.

கு. தலையில் அடித்துக்கொண்டான். "தூக்கினு வராதீங்கன்னுதானே கத்தனேன்! இருக்கற எடத்துலயே வுட்டுட்டு வந்து சொல்லுங்க!"

ஒருத்தி பயந்து கையிலிருந்ததைக் கீழே போட்டாள். கூட்டமே தெரு முனைக்கு ஓடிற்று. இஸ்திரிப் பெட்டி அது.

சிரிப்பு வரவில்லை எனக்கு.

ஆடி 15

தூறல். மணல் மூட்டை கட்டித் தொங்கவிட்டேன். குழியில் இறங்கி உட்கார்ந்தேன். தறி மிதியை மிதிக்காமலே ஏறி வந்தேன்.

பாக்கியம்: "நீங்க சொன்னா கேப்பான். அந்தப் படிப்பே வாணான்னு சொல்லுங்க."

கு.விடம் கேட்டேன், விட முடியுமா என்று.

"எய்திக் குடுத்தா பழையபடி பாலம் கட்டற வேலைக்குப் போவலாம். நீ வாணாம்னா எய்திடறேன், நைனா. சத்தியமா."

என் தலையில் போட்டுவிட்டான்.

ஆடி 16

வேலை இல்லை.

துரையின் பேத்தி எப்போதும்போல் வந்து தறிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது. மணல் மூட்டையைத் தள்ளித் தள்ளி ஆட்டியது. பார்த்துக்கொண்டே இருந்தேன். அது பிறந்ததிலிருந்து அங்கேதான் ஒளிகிறது.

ஆடி 17

பாக்கியம் பஸ் ஸ்டாண்டுக்கு வரவில்லை. "கூட்டினு வந்துடுங்க," என்றாள் என்னிடம்.

வேலூர் பஸ் உறுமிக்கொண்டு நின்றது. கு. பெட்டியை ஏற்றாமல் கையிலேயே வைத்திருந்தான்.

"இன்னா சொல்ற, நைனா?"

அவன் அம்மா சொன்னது வாய்வரை வந்தது. பல்பு எரிந்த கதையும் வந்தது. துரையின் பேத்தி தறிக்குப் பின்னால் ஒளிந்ததும் கண்ணில் வந்தது.

"ஜல்தி ஏறு," என்றேன். "ஜன்னல் சீட்டு போயிடும்."