அப்பாவின் விசா பரிசீலனையில் இருக்கிறது

ஜூன் 4

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் மூவரும் நலம். அங்கே நீயும் அப்பாவும் எப்படி இருக்கிறீர்கள்? போனில் பேசினால் பத்தாவது வார்த்தையில் சண்டை வந்துவிடுகிறது. அதனால்தான் எழுதுகிறேன். எழுதும்போது நடுவில் நீ குறுக்கே பேச முடியாது பார்.

குட்டி இப்போது ஓடுகிறாள். தாத்தா படத்தைக் காட்டினால் கன்னத்தை வைத்துத் தேய்க்கிறாள். எனக்கு நிரந்தரக் குடியிருப்புக் காகிதம் கைக்கு வரும்வரை இந்த நாட்டை விட்டு வெளியே காலை வைக்க முடியாது. வைத்தால் திரும்ப உள்ளே விடமாட்டார்கள். அப்பா இங்கே வந்தால்தான் உண்டு. அவருக்கும் வயசு நிற்காது.

கம்ப்யூட்டரில் தினமும் பார்க்கிறேன். "பரிசீலனையில் இருக்கிறது" என்ற அதே வரி. ஓட்டல் சலவைக் கூடத்தில் என்னோடு துணி மடிப்பவளின் அம்மா, நமக்கு அப்புறம் விண்ணப்பித்தவர், வந்து தங்கிவிட்டுத் திரும்பியே போய்விட்டார். நமக்கு மட்டும் ஏன் இழுக்கிறது? கேட்ட காகிதமெல்லாம் கொடுத்தாய்தானே? எதையாவது மறந்திருந்தால் சொல், திட்டமாட்டேன்.

அப்பாவிடம் கொஞ்சம் தனியாகப் பேச வேண்டும். நீ பக்கத்தில் இல்லாத நேரமாகப் பார்த்து ஏற்பாடு பண்ணு.

அன்புடன்,
சின்னு


ஜூன் 19

அன்புள்ள சின்னுவுக்கு,

உன் கடிதம் வந்தது. "மறந்திருந்தால் சொல்" என்று எழுதியிருக்கிறாய். மருந்துக்கடையில் நாள் முழுக்க நின்றுகொண்டு டாக்டர்களின் கிறுக்கலைப் படித்து மருந்து எடுத்துக் கொடுக்கிறவள் நான். அச்சடித்த ஒரு விண்ணப்பத்தைச் சரியாக நிரப்பத் தெரியாதா? கைரேகைக்கு அழைத்துப் போனேன். போட்டோவின் அளவு சரியில்லை என்றார்கள், மறுபடி எடுத்தேன். நேர்காணலுக்குத் துணையை உள்ளே விடமாட்டோம் என்றார்கள், வெளியே வெயிலில் நின்றேன். அப்பா சிரித்துக்கொண்டே வந்தார். "எப்படிப்பா?" என்றேன். "எல்லாம் நல்லா கேட்டாங்க, நல்லா சொல்லிட்டேன்" என்றார். அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

நான் பக்கத்தில் இருக்கக் கூடாதா? சந்தோஷம். போனைக் கொடுத்துவிட்டு நான் சமையலறைக்குத்தான் போகிறேன். அவர்தான் அரை நிமிஷத்தில் திருப்பிக் கொண்டுவந்து நீட்டுகிறார்.

என்னிடம் மட்டும் என்ன, கொஞ்சிக் குலாவுகிறாரா? முதுகுக்குப் பின்னால் நின்று நான்கு தடவை கூப்பிட்டாலும் திரும்பிப் பார்ப்பதில்லை. உன் படத்தை மட்டும் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். செல்ல மகள் தூரத்தில், சமைத்துப் போடுகிறவள் பக்கத்தில். நான் யாரிடம் போய்ப் புகார் சொல்ல?

குட்டிக்கு முத்தங்கள்.

அக்கா


ஜூலை 2

அக்கா,

இந்தத் தடவை பூசி மெழுகாமல் எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை அப்பாவிடம் நேராகவே கேட்டேன். "அப்பா, உங்களுக்கு வர இஷ்டம்தானே? யாராவது வேண்டாம்னு சொல்றாங்களா?" "எல்லாம் அக்காகிட்ட கேட்டுக்கோம்மா" என்றார். போன தடவையும் அதே பதில், அதற்கு முந்தின தடவையும் அதே. சொல்லிக்கொடுத்த மாதிரி.

மாடி வீட்டு டீச்சரையும் விசாரிக்கச் சொன்னேன். சொன்னேன்தான், மறைக்கவில்லை. "சின்ன மக வீட்டுக்கு எப்ப கிளம்பறீங்க?" என்று அவர் கேட்டிருக்கிறார். அப்பா கையை விரித்துக் காட்டிவிட்டு, உன்னைப் பார்த்துவிட்டு, உள்ளே போய்விட்டாராம். மகளைப் பார்த்துப் பயப்படுகிற மாதிரி இருந்தது என்கிறார் டீச்சர்.

அப்பா கிளம்பிவிட்டால் அந்த வீட்டில் நீ ஒண்டி. மாமா போன பிறகு உனக்கு அவர்தான் துணை. அது எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் அதற்காக அவரைக் கட்டிப் போடலாமா? மூன்று மாதம்தானே கேட்கிறேன்?

சின்னு


ஜூலை 15

சின்னு,

இரண்டாவது நேர்காணலுக்கு அழைப்பு வந்திருக்கிறது. இந்தத் தடவை என்னையும் உள்ளே வரச் சொல்லியிருக்கிறார்கள். ஏன் என்று தெரியவில்லை. போய்விட்டு வந்து எழுதுகிறேன். மற்றதற்கெல்லாம் பதில் எழுத இப்போது என் கை ஓடாது.

டீச்சரிடம் இனி என்னைப் பற்றி ஏதாவது தெரிய வேண்டுமானால், நேரே என்னிடமே கேட்கச் சொல். பக்கத்தில்தான் இருக்கிறேன்.

அக்கா


ஜூலை 24

சின்னு,

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். உட்கார்ந்து படி.

தடித்த கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அதிகாரி. அவருக்குப் பக்கத்தில், நம் மொழியில் மாற்றிச் சொல்ல ஒரு பெண். பேசுவதெல்லாம் சின்ன ஸ்பீக்கர் வழியாக வருகிறது. அப்பாவை நாற்காலியில் உட்கார வைத்தார்கள். என்னைச் சுவர் ஓரமாக நிற்கச் சொன்னார்கள்.

அந்தப் பெண் கேட்டாள்: "உங்க மூத்த பொண்ணு உங்களைப் போக விடாம தடுக்கறாங்கன்னு உங்க சின்ன பொண்ணு எங்களுக்குச் சொல்லியிருக்காங்க. உண்மையா?"

அப்பா சிரித்துக்கொண்டே தலையாட்டினார். "ஆமாங்க."

நீ அப்படிச் சொன்னதற்கு அழுவதா, அவர் அதை ஒப்புக்கொண்டதற்கு அழுவதா?

"இவங்களுக்குப் பயந்துதான் இருக்கீங்களா?"

"ஆமாங்க, ரொம்ப சந்தோஷம்."

அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்தாள். "ஐயா, உங்க பேர் என்ன?" என்றாள்.

"ஆமாங்க."

பிறகு கையிலிருந்த காகிதத்தால் வாயை மறைத்துக்கொண்டு மறுபடியும் எதையோ கேட்டாள். அப்பாவின் சிரிப்பு அப்படியே நின்றது. திரும்பி என்னைத் தேடினார். "பெரியவளே, என்ன கேக்கறாங்க?" என்றார். பரீட்சையில் ஒன்றும் தெரியாமல் உட்கார்ந்திருக்கிற பிள்ளையின் முகம் அது. இத்தனை வயதில் அப்பாவிடம் அந்த முகத்தை நான் பார்த்ததே இல்லை.

அவருக்குக் காது கேட்கவில்லை சின்னு. உதட்டைப் பார்த்துச் சமாளித்திருக்கிறார். கண்ணாடி பளபளத்ததில் உதடும் தெரியவில்லை. முதல் நேர்காணலிலும் இதே கதைதான் என்று அந்தப் பெண் சொன்னாள்: "அங்கே போய் வேலை பார்ப்பீர்களா?" என்றதற்கும் ஆமாம், "அங்கேயே தங்கிவிடுவீர்களா?" என்றதற்கும் ஆமாம். அதனால்தான் இத்தனை மாதம்.

வெளியே வந்து கேட்டேன். "எப்ப இருந்துப்பா?" என்று எழுதிக் காட்டினேன்.

"ரெண்டு மூணு வருஷமா கொஞ்சம் கொஞ்சமா. அச்சாபீஸ் மிஷின் சத்தம் தின்ன காது. சொன்னா விசா குடுக்க மாட்டாங்கன்னு நினைச்சேன்."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே?"

"நீ சின்னவகிட்ட சொல்லிடுவே. அவ வேண்டாம்னுடுவா."

அவருக்கு உன்னிடம் வர அவ்வளவு ஆசை. இத்தனை நாளாக நான் அவர் முதுகிடம் பேசிவிட்டு, மதிக்கவில்லை என்று கோபப்பட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

காது டாக்டரிடம் காட்டி மிஷின் வாங்கிவிட்டேன். டாக்டர் சான்றிதழும் கொடுத்தாயிற்று. அந்தப் பெண் நல்லவள், திரும்ப ஒரு தடவை அழைத்து, எழுதிக் காட்டியே கேட்டுக்கொள்வார்களாம். விசா கிடைத்துவிடும்.

நீ அவர்களிடம் சொன்னது என்ன என்று அப்பாவிடம் நான் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன். முன்பின் தெரியாத ஒருவர் முன்னால், பெற்றவரை அடைத்து வைத்தவள் என்று பெயர் வாங்கிக்கொண்டு சுவர் ஓரமாக நின்றேன். அதை மட்டும் தெரிந்துகொள்.


ஆகஸ்ட் 6

அக்கா, என் அக்கா,

எந்த வார்த்தையில் ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. ஏன் தாமதம் என்று விசா உதவி எண்ணுக்குக் கூப்பிட்டுக் கேட்டேன். "வீட்டில் யாராவது தடுக்கிறார்களா?" என்று அங்கே ஒருத்தி பேச்சுவாக்கில் கேட்டாள். "என் அக்கா" என்று சொல்லிவிட்டேன். அவள் அதைப் பதிவு செய்வாள் என்று தெரியாது. இது சமாதானம் இல்லை என்பதும் தெரியும். தெரிந்திருந்தாலும் அன்றைக்கு இருந்த ஆத்திரத்தில் சொல்லியிருப்பேனோ என்னவோ.

போனில் அவருக்கு என் உதடு தெரியாதே என்று எனக்கு ஏன் தோன்றவில்லை? அவர் ஒவ்வொரு தடவையும் போனை உன்னிடம் நீட்டினார். நீ பிடுங்கிக்கொண்டாய் என்று நினைத்தேன்.

திட்டியாவது ஒரு வரி எழுது.

உன் சின்னு


அக்டோபர் 11

அக்கா,

அப்பா வந்து சேர்ந்துவிட்டார். பெட்டியில் மருந்தெல்லாம் வேளை வாரியாகப் பொட்டலம் கட்டி, காது மிஷினுக்கு பேட்டரி மாற்றுவது எப்படி என்று படம் போட்டு வைத்திருந்தாய். எனக்கென்று ஒரு வரி இல்லை. பெட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பார்த்தேன்.

குட்டி அவர் காதிலிருந்து மிஷினைப் பிடுங்கித் தன் காதில் வைத்துக்கொள்கிறாள். அவர் சிரிக்கிற சிரிப்பில் பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டிவிட்டார்.

நேற்று எல்லாவற்றையும் அவரிடம் நானே சொல்லிவிட்டேன். நீ சொல்லவில்லை என்பதையும் சொன்னேன். முழுக்கக் கேட்டார். அப்புறம் மிஷினைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டார். சாப்பிடக் கூப்பிட்டேன், தோளைத் தொட்டுக்கூடக் கூப்பிட்டேன், போட்டுக்கொள்ளவே இல்லை. இன்று காலையில்தான் மாட்டிக்கொண்டு, "அவகிட்ட நீயே பேசிக்கோ. நான் நடுவுல வரமாட்டேன்" என்றார்.

நீ எழுதாவிட்டாலும் நான் எழுதுவேன்.

சின்னு


நவம்பர் 3

சின்னுவுக்கு,

உன் இரண்டு கடிதமும் கிடைத்தன. படித்துவிட்டு வைத்துவிட்டேன். எழுத உட்கார்ந்தால் கோபம்தான் வந்தது. கோபத்தில் எழுதியதைக் கிழித்தும் போட்டேன்.

நீ நினைத்த மாதிரியே வீட்டில் ஒண்டியாகத்தான் இருக்கிறேன். அது அவ்வளவு பயங்கரமாக ஒன்றும் இல்லை. கடையிலிருந்து வந்ததும் ஒருத்திக்கு மட்டும் சமைக்கச் சோம்பலாக இருக்கிறது, அவ்வளவுதான். டீச்சர் மாடியிலிருந்து எட்டிப் பார்க்கிறார். நானும் நிமிர்ந்து பார்க்கிறேன். பார்த்துக்கொண்டிருக்கட்டும்.

அப்பாவை ஈரத்தலையோடு மிஷினை மாட்ட விடாதே.

ஒன்று செய். என் பேருக்கு ஓர் அழைப்புக் கடிதம் அனுப்பு. மன்னித்துவிட்டேன் என்று அர்த்தம் பண்ணிக்கொள்ளாதே. மன்னிக்கவில்லை. உன்னை எதிரே உட்கார வைத்து, "எப்படிடி சொன்னே?" என்று நேரில் கேட்க வேண்டும். காகிதத்தில் கேட்டால் எனக்கு ஆறாது.

விசா வர எத்தனை மாதம் இழுக்கும் என்று இரண்டு பேருக்கும் தெரியும். அதற்குள் கோபம் ஆறினாலும் ஆறும், ஆறாமலும் போகும். நீ அனுப்பு.

அக்கா